ஏழு புள்ளிகளின் உயரம்

அவரை அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் டேப்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். முப்பத்தொரு வருஷம் கறுப்பு டேப் சுற்றியவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வலது கட்டைவிரல் நகத்தோரம் டேப்பின் பசை கறுப்புக் கோடாகப் படிந்திருக்கும். கல்யாணத்தன்று காலையில் அரை மணி நேரம் தேய்த்தும் அது போகவில்லை.

டேப் சுற்றுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் ஒருதரம் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆள் உயரத்துக்கு, நாலு விரல் கனத்தில், கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் கட்டை. அதற்குள் ஒரு துகள் புகுந்து மோதினால் கண்ணுக்கே தெரியாத அளவு ஒரு வெளிச்சம் தோன்றி மறையும். அதையும் விடாமல் எண்ணுவதற்குக் கட்டையின் இரண்டு முனையிலும் குழாய்கள் பொருத்தியிருக்கும். அவ்வளவு கூர்மையான குழாய்க்கு வெளி வெளிச்சம் ஊசிமுனை அளவு கசிந்தாலும் போதும், பேய் பிடித்தது போல எண்ணித் தள்ளிவிடும். ஆகவே ஒவ்வொரு கட்டைக்கும் முதலில் அலுமினியத் தாள், அதன்மேல் கறுப்புத் தாள், அதன்மேல் டேப். எங்காவது ஒரு மடிப்பு தூக்கிக்கொண்டு நின்றால் அந்தக் கட்டை தண்டம். இப்படி நூற்றெண்பது கட்டைகளை அடுக்கினால் ஒரு சுவர். சுற்றுவதும் பழையதைப் பிரித்து மறுபடி சுற்றுவதுமாக அவர் ஆயுளில் பாதி அந்தச் சுவருக்குத்தான் போயிற்று.

சுவர் எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அணுவின் நடுவே இருக்கும் நியூட்ரானுக்கு மின்சுமை கிடையாது என்று நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, அன்று சாயங்காலமே மறந்தோம். ஆராய்ச்சிக்காரர்கள் பாவம், அவர்களால் மறக்க முடியவில்லை. மொத்தத்தில் பூஜ்யம், சரி. ஆனால் எந்த மாதிரிப் பூஜ்யம்? உள்ளே ஒன்றுமே இல்லாத பூஜ்யமா, கூட்டிக் கழித்தால் வரும் பூஜ்யமா? நேர் மின்சுமையும் எதிர் மின்சுமையும் சரிக்குச் சரி உள்ளே உட்கார்ந்திருக்கின்றன என்றால், எது நடுவில், எது ஓரத்தில், எவ்வளவு? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஊண் உறக்கம் இல்லாமல் அலைகிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. அதில் ஒரு பிரிவு இந்தக் கூடத்தில் இருந்தது.

அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எலக்ட்ரானை அசுர வேகத்தில் விட்டெறிந்து, அது நியூட்ரானில் பட்டு எப்படித் தெறிக்கிறது என்று அளப்பது. அதிலும் ஒரு சங்கடம். நியூட்ரானைத் தனியாகப் பிடித்து எதிரே நிறுத்த முடியாது; தனியே விட்டால் கால் மணி நேரம் தாக்குப்பிடிப்பதே பெரிது. ஒரு புரோட்டானோடு சேர்ந்திருந்தால்தான் நிலைத்திருக்கும். எனவே அப்படி ஒரு ஜோடி உள்ள டியூட்டிரியத்தைத் திரவமாகும் அளவுக்குக் குளிரவைத்து நிறுத்தி, அதில் எலக்ட்ரானை மோத விடுவார்கள். தெறித்து வருவது ஜோடியில் எது என்று பிரிக்கத்தான் டேப்காரரின் சுவர். சுவருக்கு முன்னால் மெல்லிய தகடுகள். புரோட்டானுக்கு மின்சுமை உண்டு. தகட்டைத் தாண்டும்போதே வெளிச்சம் காட்டிவிடும், கதவைத் தட்டிவிட்டு வருகிற விருந்தாளி மாதிரி. நியூட்ரான் தட்டாது. தகட்டில் ஒன்றும் இல்லாமல், பின்னால் கட்டையில் மட்டும் வெளிச்சம் வந்தால், வந்தது நியூட்ரான்.

இருபத்துநாலு வயதில் மின்வேலைக்கு என்று வந்தவர் அவர். முதல் வருஷமே டேப்பும் கையுமாக உட்கார வைத்துவிட்டார்கள். கல்யாணமும் டேப்பால்தான் நடந்தது.

சுற்றி முடித்த கட்டையில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே, இருட்டாக்கிய கூடத்தில், டார்ச்சை வைத்துக் கட்டையின் விளிம்போடு மெதுவாக நகர்த்துவார். இன்னொருவர் மேலே எண்ணும் அறையில் திரையைப் பார்ப்பார். எண்ணிக்கை திடீரென்று ஏறினால் அந்த இடத்தில் ஓட்டை. இடையில் ஒரு டெலிபோன். மேலே உட்கார்ந்தது கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"கசியுது. நில்லுங்க. கொஞ்சம் பின்னால போங்க. ஆங், அங்கதான்."

மூன்று மாதம் இதுதான் பேச்சு. முகம் பார்த்ததில்லை. நூற்றெண்பது கட்டைக்கும் சேர்த்து அந்தப் பெண் 'கசியுது' என்று சொன்னது முந்நூறு தடவைக்குக் குறையாது. டியூட்டிரியத்தைக் குளிரவைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட அவருடைய நண்பர், குளிர்காரர் என்று பெயர், ஒரு நாள் கேட்டார்: "ஏம்ப்பா, நீ முன்னெல்லாம் நல்லாத்தானே சுத்துவ? இப்ப என்ன இத்தனை ஓட்டை?" டேப்காரர் காதுவரை சிவந்துபோனார். கடைசி இருபது கட்டைகளில் வேண்டுமென்றே மடிப்பைச் சரியாக அழுத்தாமல் விட்டதைக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவளிடம் ஒப்புக்கொண்டார். "எனக்கு அப்பவே தெரியும், எல்லா ஓட்டையும் ஒரே எடத்துல வந்துச்சு" என்றாள்.

அவள் அப்படி. எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்ப மாட்டாள். நம்பிவிட்டால் அதைப் பற்றிப் பேச மாட்டாள். இருபத்தாறு வருஷக் குடும்பத்தில் அவள் வாய் விட்டு 'உங்களைப் பிடிக்கும்' என்று சொன்னதாக அவருக்கு நினைவில்லை. அவருக்கு ஒரு சொல் கேட்க வேண்டும் என்று ஆசைதான். கேட்டால் சிரிப்பாள். "சொல்லித்தான் தெரியணுமா?" என்பாள். தெரியும்தான். தெரிந்தாலும் காதால் கேட்கிற சுகம் வேறு இல்லையா? அதை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், படித்தாள், வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். இவர்கள் இரண்டு பேரும் காலையில் ஒரே பஸ்ஸில் கூடத்துக்குப் போய், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். அவள் ஜன்னலோரம். அவர் பக்கத்தில். பெரும்பாலும் பேச்சே இருக்காது.

அதற்குப் பிறகுதான் அந்த உறை வந்தது.

ஆராய்ச்சிக்காரர்களுக்கு எல்லோரையும்விடத் தங்கள் மேலேயே சந்தேகம் அதிகம். ஒரு விடை வேண்டும் என்று மனசு ஆசைப்பட்டால், கணக்குப் பார்க்கிற கண்ணும் அந்தப் பக்கமே சாயும். வேண்டிய விடை வந்ததும் தப்புத் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். வேண்டாதது வந்தால் தோண்டித் துருவுவார்கள். இதற்கு அவர்களே கண்டுபிடித்த மருந்து, தங்கள் கண்ணைத் தாங்களே கட்டிக்கொள்வது. கணிப்பில் கை வைக்காத ஒருவரை அழைத்து, ரகசியமாக ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அந்த எண் எல்லா விடையோடும் கலந்துவிடும். ஆராய்ச்சிக்காரர்கள் கலந்த விடையை வைத்துக்கொண்டுதான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். எல்லாம் சரிபார்த்து, இனி மாற்ற ஒன்றுமில்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எண்ணை வெளியே எடுத்துக் கழிப்பார்கள். உண்மை விடை அப்போதுதான் தெரியும்.

இந்த முறை எண்ணைத் தேர்ந்தெடுக்க அவளைக் கூப்பிட்டார்கள். கணினிக்குள் அதை ஏற்றிப் பூட்டுவதும் அவள் வேலை. எண்ணை யோசித்து எழுதக் கூடாது, பத்து முகப் பகடையை உருட்டித்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. அறைக்கு ஜன்னலும் இருக்கக் கூடாது. ஜன்னல் இல்லாத ஒரே அறை டேப்காரரின் சாமான் அறை. காகிதத்தை வைக்க வேண்டிய இரும்பு அலமாரியும் அங்கேதான். சாவி அவரிடம்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவரும், ஆராய்ச்சிக் குழுவின் தலைவியும் வெளியே நின்றார்கள். தலைவிக்கு நாற்பது வயது, எதையும் சட்டுப்புட்டென்று முடிக்கிற ஆள். ஐந்து நிமிஷ வேலை என்று சொல்லித்தான் வந்திருந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. நாற்பதாவது நிமிஷத்தில் கதவு திறந்தது. காகிதத்தை மடித்து, அலுமினியத் தாளில் பொதிந்து, தன் கையாலேயே டேப் சுற்றிக் கொண்டுவந்தாள். தலைவி அதைப் படம் எடுத்துக்கொண்டாள். அதன்மேல் டேப்காரர் கறுப்புத் தாளை வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் ஒரு எழுத்து தெரியாதபடி, கட்டைக்குச் சுற்றுவது போலவே சுற்றினார். மேல் மூட்டின் குறுக்கே மூன்று பேரும் வெள்ளை மையால் கையெழுத்துப் போட்டார்கள். அதையும் தலைவி படம் எடுத்துக்கொண்டாள்.

அன்று பஸ்ஸில் கேட்டார்: "ஒரு நம்பர் எழுத நாப்பது நிமிஷமா? என்னதான் எழுதுன?"

"சொல்லக் கூடாதே."

"நம்பரச் சொல்ல வேணாம். வேற என்னமோ எழுதியிருக்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "தொறக்குற அன்னைக்குத் தெரிஞ்சுக்கலாம்."

அந்தச் சிரிப்புதான் அவரைப் பிடித்துக்கொண்டது. நாற்பது நிமிஷம். எண்ணைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது. வாயால் சொல்ல வராதவள் காகிதத்தில் எழுதியிருப்பாளோ? சபையில் எல்லோர் முன்னாலும் திறக்கிற காகிதத்தில் எவளாவது புருஷனுக்கு எழுதுவாளா என்று புத்தி கேட்டது. அவளுக்கு அந்தக் குறும்பு உண்டு என்று மனசு சொன்னது. மனசுதான் ஜெயித்தது, இந்த மாதிரி விஷயங்களில் அதுதானே ஜெயிக்கும்.

எலக்ட்ரானை விட்டெறியும் முடுக்கி ஐந்து மாதம் ஓடியது. கணிப்பு தொடங்கியது. வராந்தாச் சுவரில் ஒரு படம் மாட்டினார்கள். ஏழு புள்ளிகள், அவற்றை இணைக்கும் ஒரு வளைகோடு, அடியில் 'ரகசிய எண் கலந்தது, உண்மை அல்ல' என்று சிவப்பு எழுத்து. வளைவின் வடிவம் சரி, உயரம்தான் தெரியாது என்று தலைவி அவருக்கு விளக்கினாள். ஏழு புள்ளியும் ஒரே அளவுக்கு ஏறியோ இறங்கியோ நிற்கின்றன. எவ்வளவு என்பது உறைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் கணிப்பைத் திருத்தினார்கள், படம் மாறிக்கொண்டே வந்தது. டேப்காரர் தினமும் அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போவார். நின்று பார்த்ததில்லை.

இரண்டாம் வருஷம் அவளுக்கு வயிற்றில் வலி என்று ஆரம்பித்தது. வைத்தியர்கள் கட்டி என்றார்கள். மூன்றே மாதம். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், வலி கொஞ்சம் விட்டிருந்த நேரத்தில், பேச்சுவாக்கில் கேட்பது போல அவர் மறுபடி கேட்டார்.

"அந்தக் கவர்ல என்னம்மா எழுதுன?"

"கேக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுருக்கீங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள்.

பத்து நாளில் போய்விட்டாள்.

மகள் வந்து மூன்று வாரம் இருந்தாள். அம்மாவின் துணிமணியை அவள் பிரித்து அடுக்கியபோது, அவர் மனைவியின் கையெழுத்துள்ள காகிதங்களை எல்லாம் ஒரு பையில் சேர்த்தார். சாமான் சீட்டு, டாக்டரிடம் கேட்க வேண்டியவை, மகளின் பள்ளிக்கு எழுதிய விடுப்புக் கடிதத்தின் நகல், 'கேஸை மூடவும்' என்று சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தது. மகள் ஊருக்குப் போன பிறகு ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு மாதத்தில் எல்லாம் தீர்ந்துபோயிற்று. அவள் எழுதியதில் அவர் படிக்காதது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதன் சாவி அவர் இடுப்பில் தொங்கியது.

மனுஷனை வேறென்ன சோதிக்க வேண்டும்? தினமும் அலமாரியைத் திறப்பார், உறையை எடுப்பார், எடை பார்ப்பது போல உள்ளங்கையில் வைத்துக்கொள்வார், திரும்ப வைப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வழியில்லை. அப்படிச் சுற்றித் தொலைத்ததே அவர்தான். அதைப் பிரித்து, மறுபடி ஒரு சந்தேகம் வராதபடி சுற்றக்கூடிய ஆளும் பூமியில் அவர் ஒருவர்தான். கணிப்பு முடியும் வழியாக இல்லை. இன்னும் இரண்டு மாதம், இன்னும் இரண்டு மாதம் என்று தலைவி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் கீழே போயிருந்தபோது, அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு உறையைக் கவிழ்த்து வைத்தார். கையெழுத்துகள் மேல் மூட்டில்தான். கீழ் மூட்டில் ஒன்றுமில்லை. மெல்லிய பிளேடை வைத்து வெளிச் சுற்றை வெட்டினார். வெட்டு நூல் பிடித்தது போல வந்தது. கறுப்புத் தாளை விலக்கினார். உள்ளே அவள் சுற்றிய பொதி தெரிந்தது. அலுமினியத் தாள் கசங்கி, டேப் கோணலாக, ஒரு இடத்தில் சுருண்டு தன்மேலேயே ஒட்டிக்கொண்டு. இவ்வளவு வருஷம் டேப்காரனோடு குடித்தனம் நடத்தியும் இவளுக்கு டேப் சுற்ற வரவில்லையே என்று நினைத்தார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. சாவுக்கு வந்தவர்கள் முன்னால் வராத அழுகை.

பிளேடு கையிலேயே இருந்தது. இன்னும் ஒரு வெட்டு. ஆனால் படித்துவிட்டால் அப்புறம் என்ன? இதுவரை அவள் அவரிடம் சொல்ல ஒன்று மிச்சம் இருந்தது. படித்துவிட்டால் அவள் பேசி முடித்துவிடுவாள். திறக்குற அன்னைக்கு என்று சொன்னாள். அந்த நாள் வரும்வரை அவளுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. கறுப்புத் தாளை மூடி, கீழ் மூட்டைப் புது டேப்பால் ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்று சாப்பிடவில்லை.

அடுத்த மாதமே நாள் குறித்துவிட்டார்கள்.

கூட்ட அறையில் பதினைந்து பேர். சுவரில் பெரிய திரை, அதில் ஏழு புள்ளிகள். குளிர்காரரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டேப்காரர் உறையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். புதுச் சட்டை போட்டிருந்தார், யாரும் கவனிக்கவில்லை. தலைவி கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, "எல்லாம் சரி" என்றாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. புது டேப்பின் பளபளப்பு பழையதிலிருந்து ஒரு இழை வேறு. அதைக் கண்டுபிடிக்கிற கண் அந்த அறையில் அவருடையது மட்டும்தான்.

"ஒரு நிமிஷம்மா" என்றார். "வெட்டறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க அண்ணே."

"கீழ்ப்பக்கம் இருக்குறது பழைய டேப் இல்ல. போன மாசம் நான் வெட்டுனேன். திரும்ப ஒட்டிட்டேன்."

தலைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு அண்ணே?"

"அவ என்ன எழுதியிருக்கான்னு பாக்கணும் போல இருந்துச்சு."

"பாத்தீங்களா?"

"இல்ல. மேல் சுத்து மட்டும்தான். உள்ள இருக்குறது அவ சுத்துனது. அதுல நான் கைய வைக்கல."

ஓரத்தில் இருந்த ஒரு ஆராய்ச்சிக்காரர், கணிப்புக்கு இரண்டு வருஷத்தைக் கொடுத்தவர், முகம் வெளுத்துப்போய்ச் சொன்னார்: "முத்திரை உடைஞ்சதுன்னா அறிக்கையில அப்படித்தான் எழுதணும். எழுதுனா யாரும் நம்ப மாட்டாங்க. அத்தனையும் போச்சு." அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் குழந்தை பிறந்ததும் நடக்கப் பழகியதும் இந்த ஏழு புள்ளிகளுக்கு இடையில்தான்.

தலைவி வெளிச் சுற்றை வெட்டி உள்பொதியை எடுத்தாள். அன்று எடுத்த படத்தைத் திரையில் போட்டாள். பொதியைப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். கசங்கலுக்குக் கசங்கல், சுருக்கத்துக்குச் சுருக்கம். சுருண்டு ஒட்டிக்கொண்ட அந்த இடம்கூட அப்படியே.

"இதப் பிரிச்சுட்டு இதே மாதிரி உங்களால திரும்பச் சுத்த முடியுமா?" என்று அவரிடமே கேட்டாள்.

"முடியாதும்மா" என்றார் டேப்காரர். "இவ்வளவு மோசமா எனக்குச் சுத்த வராது."

குளிர்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். வெளுத்துப்போனவரும் எழுந்து வந்து பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, தலையாட்டினார். நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதுவது, படத்தையும் சேர்ப்பது என்று முடிவாயிற்று.

தலைவி பொதியைப் பிரித்தாள். ஒரே ஒரு தாள். அவள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்ததும் டேப்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பகடை நேர்மையானதா என்று சோதிக்க இருநூறு வீச்சு" என்று தலைவி படித்தாள். தாளை எல்லோருக்கும் காட்டினாள். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டியவை, பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து வரிசையில். ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே மொத்தம். அடியில்: 'பகடை ஏற்கத்தக்கது. அடுத்த நான்கு வீச்சு: நான்கு, மூன்று, எட்டு, ஆறு. முதல் வீச்சு இரட்டைப்படை, ஆகவே கூட்டல். ரகசிய எண்: பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று எட்டு ஆறு.' தேதி, கையெழுத்து.

அறையில் மறுபடி சிரிப்பு. நாற்பது நிமிஷம் எங்கே போயிற்று என்று தெரிந்துவிட்டது. கடையில் தெர்மாமீட்டர் வாங்கினால் அதை வெந்நீரிலும் ஐஸிலும் வைத்துப் பார்த்த பிறகே மகளின் நாக்கடியில் வைத்தவள் அல்லவா அவள். டேப்காரரும் சிரித்தார். தாளைக் கொடுங்கள் என்று வாங்கி, திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை. மறுபடி முன்பக்கம் பார்த்தார். இருநூறு கோடுகள், நான்கு எண்கள். அவருக்கென்று ஒரு எழுத்து இல்லை. ஏமாற்றம் என்றால் அப்படி ஒரு ஏமாற்றம். அதைக் காட்டாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளுத்துப்போனவர் கணினியில் எண்ணைத் தட்டினார். திரையில் ஏழு புள்ளிகளும் ஒன்றாகக் கீழே இறங்கின. இறங்கினாலும் பூஜ்யத்துக்கு மேலேயே நின்றன. நியூட்ரான் வெறும் பூஜ்யமில்லை, நடுவில் நேர் கொஞ்சம் தூக்கலாகவும் ஓரத்தில் எதிர் தூக்கலாகவும் இருக்கிறது, இனி அது இவ்வளவு என்று அடித்துச் சொல்லலாம் என்று தலைவி சொன்னாள். கைதட்டினார்கள். யாரோ யாரையோ கட்டிக்கொண்டார்கள்.

டேப்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய புள்ளிகள் மங்கலாக மேலே, புதியவை பளிச்சென்று கீழே. இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி, ஏழு இடத்திலும் ஒரே அளவு. அந்த இடைவெளி அவள் கையால் உருட்டியது. இத்தனை பெரிய படிப்புப் படித்தவர்கள் இரண்டு வருஷமாக முட்டி மோதி, மாற்றி மாற்றி வரைந்த ஒவ்வொரு படத்திலும், ஏழு புள்ளியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நின்றாள். போன பிறகும் எட்டு மாதம் நின்றாள். அந்த வராந்தாவில் தினமும் இரண்டு தடவை அவளைத் தாண்டி டீ குடிக்கப் போயிருக்கிறார், ஒருநாள்கூட நின்று பார்க்காமல்.

"பழைய புள்ளிய எடுத்துடுங்க, பாக்கக் குழப்பமா இருக்கு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். ஒரு விசை தட்டும் சத்தம். மங்கலாக இருந்தவை மறைந்தன.

அவர் எழுந்து வெளியே வந்தார். வராந்தாச் சுவரில் போன வாரத்துப் படம் இன்னும் இருந்தது. முதன்முறையாக அதன் முன்னால் நின்றார். ஏழு புள்ளிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், தாமதமாக வந்தவர் வரிசையாக எல்லோரையும் விசாரிப்பது போல. பிறகு நகத்தால் நெம்பிக் குத்தூசிகளை எடுக்க ஆரம்பித்தார். மூன்றை எடுத்துவிட்டார். நாலாவது மேல் மூலையில், கை எட்டவில்லை.

தலைவி அவரைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, அத விடுங்க, ஆள் வந்து எடுத்துடுவாங்க. உங்களுக்கு வேணும்னா புதுசு ஒண்ணு பெருசாப் போட்டுத் தரேன். இது தப்பான படம்."

"தெரியும்மா" என்றார். "புதுசுல அவ இல்ல."

தலைவி சுவரோரம் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, நாலாவது குத்தூசியை எடுத்தாள். படம் மடங்காமல் இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் கொடுத்தாள்.